பெல்ட் போடக்கூடாத சாலை

முப்பத்தொன்பதாம் வாரம்.
நீ இன்னும் உட்கார்ந்தே இருக்கிறாய்.
என் விலாவுக்கடியில் உன் தலை,
பறித்த டர்னிப் கிழங்கு மாதிரி உருண்டு, கெட்டியாக.
உனக்கு விக்கல் எடுத்தால்
என் நெஞ்சுக்குழிக்குக் கீழே துடிக்கிறது.
உதையெல்லாம் மூத்திரப்பைக்கு.

ஊரில் எல்லாருக்கும் தலைகீழ் என்றால் தப்பு.
உனக்கு மட்டும் அதுதான் சரியாம்.

ரைவோ இஸ்திரிப் பலகையைச் சோபாவில் சாய்த்து வைத்தான்.
அதில் இடுப்பு மேலே, தலை கீழே,
நாளுக்கு மூன்று வேளை நான்.
மேல்வயிற்றில் உறைந்த பட்டாணிப் பொட்டலம்:
குளிருக்குப் பயந்து நீ திரும்புவாயாம்.
கடலே கட்டிப்போகிற தீவில்
பிறக்கப்போகிற பிள்ளைக்குப்
பட்டாணியைக் காட்டிப் பூச்சாண்டி.

அடிவயிற்றில் பாட்டு வைக்கச் சொன்னார்கள்.
ரைவோ வைத்தது கடல் வானிலை அறிக்கை.
வடமேற்குக் காற்று, நொடிக்குப் பதினான்கு மீட்டர்.
நீ கேட்டிருப்பாய்.
அந்தக் காற்றில் யார்தான் புறப்படுவார்?

போன வாரம் கரையில், ஆஸ்பத்திரியில்,
டாக்டர் ஹெல்வே இரண்டு கையாலும் உன்னைப் பிடித்துத் தள்ளினார்.
கம்பு ரொட்டி மாவு பிசைகிற தோள் அவருக்கு.
நான் கூரையின் ஓட்டைகளை எண்ணினேன்.
நூற்றுப் பத்தில் நீ குறுக்கே வந்தாய்,
வயிறு ஒரு படகாகிக் கிடந்தது.
நூற்று நாற்பதில்
பழைய இடத்துக்கே போய் அமர்ந்துகொண்டாய்.
எனக்கு அழுகை வந்தது. கொஞ்சம் பெருமையும்.

டாக்டர் கை துடைத்தபடி சொன்னார்:
இடுப்பு இருக்கிறது, எடை சரி, முயன்று பார்க்கலாம்.
பக்கத்து அறையில் கத்தி தயாராக இருக்கும்.
பிட்டம் முதலில் வரும்போது
இழுக்கக் கூடாது.
தொடாமல் இருக்கத் தெரிந்த கை வேண்டும்.

அந்தக் கை எனக்கு இருக்கிறது, தெரியுமா உனக்கு?

பதினோரு வருடம் படகுத்துறையில் வேலை.
எங்கள் படகு சின்னது, வாய் ஒன்றுதான்;
வண்டிகள் பின்பக்கமாகத்தான் ஏற வேண்டும்.
மர லாரி, பால் வண்டி,
ஒருமுறை இரண்டு குதிரைகளோடு ஒரு டிரெய்லர்.
எல்லாரும் கண்ணாடியைப் பார்த்துத் தடுமாறுவார்கள்.
நான் கத்துவேன்: கண்ணாடியை விடு, என் கையைப் பார்.
இன்னும். இன்னும். கொஞ்சம் இடது. நில்.
இப்போது வா.
ஒரு வண்டியையும் நான் தொட்டதில்லை.
ஒரு வண்டியும் கடலில் விழுந்ததில்லை
(ஒரு சைக்கிள் விழுந்தது. அது வேறு கதை).

இந்த மாதம் படகு கட்டிக் கிடக்கிறது.
வேலைக்கோட்டின் ஜிப் உன்மேல் மூடுவதில்லை.

இன்று மூன்று மணிக்கு, காபி ஊற்றும்போது
காலில் சூடாக வழிந்தது. காபி இல்லை.

இப்போது பனிச்சாலை.
இருட்டினால் மூடிவிடுவார்கள்; நாங்கள் கடைசிக்கு முந்திய கார்.
இங்கே பெல்ட் போடக்கூடாது, சட்டமே அப்படி:
பனி உடைந்தால் குதிக்க வேண்டும்.
குதிப்பதாம். நான்.
இருபத்தைந்துக்கும் நாற்பதுக்கும் நடுவே ஓட்டக்கூடாது,
பனிக்கடியில் அலை எழும்பும்.
ஊர்ந்து போ, இல்லையென்றால் விரைந்து போ.
ரைவோ ஊர்கிறான்.
நடுவிரல் எலும்புகள் வெள்ளையாகத் தெரிய
ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிறான்.
வலி வரும்போது மட்டும் பேச்சை நிறுத்துகிறான்,
வலி அவனுக்கு என்பது போல.

ஜூனிப்பர் கிளைகள் நட்டு வழி குறித்திருக்கிறார்கள்.
கிளைக்குக் கிளை எண்ணுகிறேன்.
ஏழு கிளைக்கு ஒரு வலி.
இப்போது ஆறு.

கீழே பனி முனகுகிறது, நீளமாக,
யாரோ தூக்கத்தில் புரண்டு படுப்பது போல.
நீ புரளவில்லை. சரி.
உட்கார்ந்தே வா.

ஸ்வெட்டருக்கு மேலே கையைத் தூக்கி
விரல்களை என் பக்கம் மடக்குகிறேன்.
இன்னும். இன்னும்.
கொஞ்சம் இடது.

என்ன செய்கிறாய் என்கிறான் ரைவோ.

ரோட்டைப் பார், என்கிறேன். நான் வேலையில் இருக்கிறேன்.