கச்சான்

முழங்கால் உயரமுமில்லை,
கச்சான் என்று பெயர்.
தபால்கார மரியநேசன், நுண்கடன் வசூலிக்க வந்த பெடியன்,
பங்குத்தந்தையின் அங்கி விளிம்பு.
மூன்றாவது ஊசிவரை மாங்குளம் ஆசுபத்திரிக்குப்
பெற்றோல் காசு நான்தான்.

"சாக்கில கட்டி முறிகண்டியில விட்டிட்டு வா,"
வேலிக்கு மேலால் அமிர்தசீலி.

சாக்கை விரித்தேன்.
பாய்ந்து கௌவியது இடது காலை.

ஜெய்ப்பூர் கால்.
பல் வழுக்கியது.
நிமிர்ந்து பார்த்தது.
நான் கத்தவில்லை, கையோங்கவுமில்லை.
மறுபடி கடித்தது,
கொஞ்சம் மெதுவாக.

இப்போது ஆராவது படலையடியில் கூப்பிட்டால்
முதலில் அந்தக் காலைத்தான் நீட்டுகிறேன்.
கௌவியபடியே கிடக்கும்.
வந்தவர் ஆறுதலாகக் கதைத்துவிட்டுப் போகலாம்.

வியாழக்கிழமைகளில் மட்டும்,
நுண்கடன் பெடியன் வரும் நேரம்,
காலைக் கழற்றி
உறியில் தூக்கிவிடுவேன்.