ஒற்றைக் கொம்பு மான்

சித்திரை வெயிலில்தான் எங்களுக்குக் கிறிஸ்துமஸ் வரும்.
பெருமாநல்லூர் ரோட்டுக் கம்பெனியில்
மான் போட்ட சிவப்புச் சட்டைக்கு
நாளொன்றுக்கு அறுநூறு கை பூட்டுவேன்.
பெட்டி கட்டி லாரி ஏறும்.
எந்தக் குளிருக்குப் போனதோ,
ஒன்றுகூட என் கண்ணெதிரே நடந்ததில்லை.

செகண்ட்ஸில் கிடந்ததை
நாற்பது ரூபாய்க்கு எடுத்துவைத்திருந்தேன்.
மானுக்கு ஒரு கொம்பு அச்சாகவில்லை.

இருபத்துநாலு ராத்திரி, பூசைக்குக் கிளம்புமுன்
லைன் வீட்டுக் கடைசிக் கதவைத் தட்டினேன்.
ஒடிசாக்காரர் மகள் லிப்சா
வெடுக்கென்று வாங்கிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.
சிரிக்கக்கூட இல்லை.
சாமியார் பிரசங்கம் முழுக்க
எனக்கு அந்தக் கதவுதான்.

காலையில் குழாயடி.
சட்டையை முன்பின் மாற்றிப் போட்டு,
முதுகில் மானோடு,
சின்னக் குடத்தைத் தூக்கிப் போகிறாள்.
விரல் மறைய நீண்ட கை.
வலது தோளில் என் தையல்
அவள் எட்டுவைக்க எட்டுவைக்க
ஏறி இறங்குகிறது.

பின்னால் நின்ற செவந்தியக்கா
ரெண்டு தரம் சொன்னாளாம்:
"ஏம்புள்ள ரெசினா,
உன்ற கொடம் ரொம்பி
தண்ணி போகுது பாரு."