நான் சேர்த்த வரி

நான்காம் குறுக்குத் தெருவில்
மிளகாய்த் தும்மலோடுதான் கணினியும் வேலை செய்தது.
மாதத்துக்கொருமுறை மூடியைக் கழற்றி
விசிறியில் படிந்த மஞ்சளைத் தூரிகையால் தட்டுவேன்.
அதன் முதுகில் ஒரு பச்சைப் பூட்டு,
சுண்டுவிரல் நீளம்.
அது செருகியிருந்தால்தான் கணக்கு திறக்கும்.
கணக்கு எங்களது. கடன் எங்களது.
திறப்பு மட்டும் வேறு யாருடையதோ.

டொலர் முந்நூற்றறுபதைத் தொட்ட கிழமை
பூட்டின் ஆண்டுச் சந்தாவுக்குக் கடிதம் வந்தது.
சஹாப்தீன் முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு
மறுபடியும் அதே தொகையைத்தான் வாசித்தார்.
"இந்தக் காசுக்குப் பருப்பு இறக்கலாமே, பிள்ளை.
பருப்பையெண்டால் ஆக்கித் தின்னலாம்."

சும்மா கிடைக்கிற ஒன்று இருக்கிறது என்றேன்.
அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.
நாற்பது வருடம் புறக்கோட்டையில் இருந்தவர்,
சும்மா என்ற சொல்லைக்
கள்ளநோட்டுப் போல வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.
"ஆர் செய்தது?"
பலபேர்.
"பழுதானால் ஆரை ஏசுறது?"
என்னை.
அது அவருக்குப் பிடித்திருந்தது.

பெட்டி பழையதேதான்.
பம்பலப்பிட்டியில் இரண்டு ஹார்ட் டிஸ்க் வாங்கினேன்,
இரண்டுமாக ஒரு மூட்டைச் செத்தல் மிளகாய் விலை.
ஒன்றில் எழுதுவது மற்றதிலும் எழுதப்படும்.
பதின்மூன்று மணிநேரம் மின்சாரம் இல்லாத நாளில்
அவற்றில் ஒன்று செத்தது.
மறுநாள் காலை பில்லுக்கு நாட்டாமைகள் வரிசையில் நின்றார்கள்,
பில்லும் வந்தது, ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது.
பிரியந்தவிடம் மட்டும் சொன்னேன்.
அவன் எனக்கொரு பிளேன்டீ வாங்கித் தந்தான்.

இதுவரை நல்ல கதை.
இடம் மலிந்தால் என்ன ஆகும் என்றுதான்
நான் யோசித்திருக்கவில்லை.

முன்பெல்லாம் மார்ச் கடைசியில் இடம் போதாது,
பழைய வருடங்களைக் கழற்றி எடுத்துவிடுவோம்.
அவற்றோடு பெட்டிக்கடைக்காரர்களின்
சில்லறைக் கடன்களும் போய்விடும்.
முதலாளி பார்த்தும் பாராதிருப்பார்.
இடமில்லை என்பது
வலக்கை கொடுத்ததை இடக்கைக்கு மறைக்க
அவருக்கிருந்த திரை.
அலுமாரியில் கிடந்த பழைய சீடிகளையெல்லாம்
ஆசை ஆசையாய் ஏற்றி வைத்தவள் நான்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குச் சற்று முன்,
முகத்துவாரத்து ஜெயசீலி வந்தாள், மூன்று கிலோ பருப்புக்கு.
பெயரைத் தட்டியதும்
அவளுடைய செத்துப்போன புருஷனின் கணக்கு
பதினொரு வருடம் தாண்டி எழும்பி வந்தது சிவப்பில்:
நாலாயிரத்து இருநூற்றுப் பத்து.
அவள் பார்த்துவிட்டாள்.
பையை நாலாய் மடித்தாள்,
கக்கத்தில் வைத்தாள்,
போய்விட்டாள்.

முதலாளி திரையைத் தன் பக்கம் திருப்பினார்.
"இதை மறக்கச் சொல்லு."
மறக்காது, இடம் நிறையக் கிடக்கிறது.
"உள்ளுக்குப் போய் எழுதலாம் எண்டு
நீதானே பெருமையடிச்சாய்."

ஷட்டர் பாதி இறங்கியபின் உட்கார்ந்தேன்.
முகம் தெரியாதவர்கள் எழுதிய ஆயிரமாயிரம் வரிகள்.
இரண்டுக்கு நடுவே என்னுடையதைச் செருகினேன்:
ஏழு வருடம் கடந்த கடன் இருக்கும்,
கேட்காது.
அதற்கொரு பெயர் வைக்க வேண்டியிருந்தது.
வுழூச் செய்த கை ஈரத்தோடு வந்து
முதலாளி சொன்னார்: மாப்பு.

எடுத்த இடத்துக்கே அந்த வரியை அனுப்பியும் வைத்தேன்.
எந்த நாட்டுக்காரனோ, இது எதற்கு என்று கேட்டிருந்தான்.
ஆட்கள் கடைக்குத் திரும்பி வருவதற்கு, என்று எழுதினேன்.
விளங்கியதோ இல்லையோ,
சேர்த்துக்கொண்டான்.

பச்சைப் பூட்டு லாச்சிக்குள் கிடக்கிறது,
அறுந்த ரப்பர் பட்டிகளோடு.
ஜெயசீலி இன்னும் வரவில்லை.
அன்று அவளுக்கு நிறுத்த மூன்று கிலோவை
மூட்டையில் திருப்பிக் கொட்டச் சொன்னால்
கொட்டுறன், கொட்டுறன் என்கிறான் பிரியந்த.