அடியெடுத்துக் கொடுத்தவள்

முப்பத்தோரு வருஷம்
மேடையின் முன்விளிம்பில் ஒரு பெட்டிக்குள்
கழுத்துவரை தரைக்கடியில் உட்கார்ந்திருந்தேன்.
வசனம் மறந்தவர்களுக்கு
அடியெடுத்துக் கொடுப்பது என் உத்தியோகம்.
நான் அதிகம் பார்த்ததும் அடிகளைத்தான்:
குதிகால் தேய்ந்த மன்னர்கள்,
கட்டைவிரல் பிதுங்கும் விதவைகள்,
பெல்மிரோ கிண்டெலாவின் இடதுகால் பூட்ஸ்.
நம்பாத வசனத்தைச் சொல்லும்போது மட்டும்
அது கொஞ்சம் உள்பக்கம் திரும்பும்.
போர்ட்டோ நகரம் முழுக்கக் கைதட்டும்.
எனக்கும் அந்த பூட்ஸுக்கும் தெரியும்.

மேடையில் பதினேழு தடவை செத்தார்.
பிறகு இயக்குநராகி
மூன்றாம் வரிசை இருட்டில் உட்கார்ந்துகொண்டு
"மறுபடியும்" என்பார்.
ஒரு கதவைத் திறந்து மூடுவதற்கு
நாற்பது மறுபடியும்.
அழுதுகொண்டே டிராம் ஏறிய பெண்கள் உண்டு.
நான் அழவில்லை,
பெட்டிக்குள் எப்போதும் ஒரு ஃபிளாஸ்க் இருந்தது.

அறுபத்தெட்டு வயதில், ஒரு செவ்வாய்க்கிழமை,
ஒத்திகை நடுவே எழுந்து
கோட்டைக்கூட எடுக்காமல் மழைக்குள் போனார்.
இதயம் என்றார்கள். கடன் என்றார்கள்.
ஒரு பெயரையும் சொன்னார்கள், அது பொய்.
ஆற்றுக்கு மேலே, சரிவில், மூடிக் கிடந்த தொப்பிக்கடையை
வாடகைக்கு எடுத்திருந்தார்.
செம்புத் தகடு, எஃகு ஊசி, அமிலத் தொட்டி,
கப்பல் சுக்கான்போல் சக்கரம் வைத்த ஓர் அச்சு எந்திரம்.
படம் போடுகிறாராம்.
நாடகக்காரர்கள் சிரித்தார்கள்,
வயசான நடிகன் தாடி வளர்ப்பதைப் பார்த்துச் சிரிப்பதுபோல.

நாலு வருஷம் யாரையும் உள்ளே விடவில்லை.
என்னைக் கூப்பிட்டபோது
அறையில் தாரும் மெழுகும் மணத்தன.
சுவரில் தொப்பி மாட்டிய ஆணிகள் அப்படியே.
கை நடுங்கியது. நடிப்போ என்று சந்தேகப்பட்டு
கீழே பார்த்தேன்.
பூட்ஸ் நேராக இருந்தது.

"செம்பில் மறுபடியும் கிடையாது, தெயோலிண்டா.
கீறினால் கீறினதுதான்."
எந்த நாடகம், எத்தனையாவது அங்கம் என்று
மனசுக்குள் பக்கம் புரட்டினேன்.
எதிலும் இல்லை.

உட்காரச் சொன்னார்.
எங்கே பார்க்கட்டும்?
"எனக்கு வசனம் மறந்துவிட்டது. அப்போது எப்படிப் பார்ப்பாயோ அப்படி."
மூன்று மாலைகள்.
ஜன்னலில் ஒரு கடற்காகம் வந்து வந்து
ரொட்டி கேட்டது.
பாதிக் கோட்டில் ஊசி நிற்கும்போதெல்லாம்
என் உதடு பழக்கத்தில் அசைந்தது.
கொடுக்க ஓர் அடியும் இல்லை.

அச்சு எடுத்த அன்று யூரிக்கோ வந்திருந்தான்,
எந்திரத்தைப் பழுது பார்க்கிறவன்.
சக்கரத்தைச் சுற்றினார்கள்.
கம்பளி விலக்கி, ஈரக் காகிதத்தை
ஒரு மூலையிலிருந்து உரித்தார்.
கறுப்பிலிருந்து ஒரு வாய் வந்தது,
அகலமாக, அவசரமாக.
அதற்கு மேல் நான்.
முகத்தை விட்டுக் கண்ணெடுக்கவில்லை நான்,
அதை யாரோ முப்பத்தோரு வருஷமாகப்
பார்த்திருக்கிறார்கள்.

"மச்சம் மாறிப் போச்சே" என்றான் யூரிக்கோ.
"அச்சில் இடம் வலமாகும், வலம் இடமாகும்.
தகட்டிலேயே திருப்பிக் கீறியிருக்கணும்.
முதல் வருஷப் பையன்கள் செய்யும் தப்பு, ஐயா."

பெல்மிரோ வெளிறினார்.
எனக்குத் தெரிந்த வெளிறல்தான்.
எண்ணூறு பேர் முன்னால் வார்த்தை நழுவும்போது
அரைநொடி வரும், போகும்.
கண் தானாகத் தரைக்கு இறங்கி,
பெட்டி இல்லாத இடத்தில் தேடி,
பிறகு என்னிடம் ஏறியது.

மச்சம் இருந்தது
தினமும் காலையில், பல் துலக்கும்போது,
கண்ணாடியில் நான் காணும் அதே பக்கம்.
எல்லோருக்கும் தப்பு. எனக்கு மட்டும் சரி.

அவர் காத்திருந்தார்.
மழை தொப்பிக்கடைக் கூரையில் விழுந்துகொண்டிருந்தது.
நான் அடியெடுத்துக் கொடுக்கவில்லை.