நீலத்தின் மேல் இரண்டரை கிலோமீட்டர்

முதல் வாரம்
சப்பாத்தி மாவு பிசைந்ததை
நானூற்றுப் பன்னிரண்டு அடிகள் என்றது வாட்ச்.
மறுக்கவில்லை நான்.
ஆறு வருடத்தில் அந்த மாவுக்குக் கிடைத்த
முதல் பாராட்டு.

அப்புறம் விருதம்பட்டிலிருந்து
விடியுமுன் கிளம்பினேன்.
வெயில் எழுந்துகொண்டால்
வேலூரில் நிழலுக்கும் வேர்க்கும்.

இருநூறு மீட்டரில் விலா பிடித்துக்கொண்டது.
நூற்று எழுபத்தெட்டு என்று
மணிக்கட்டில் துடித்தது இதயம்.
கல்லூரி மைதானத்தைப் பதினாறு சுற்று ஓடியவள்தான்,
மின்கம்பத்தைக் கட்டிக்கொண்டு நின்றேன்.
பால்வண்டி தயாநிதி
"யாரையாவது கூப்பிடட்டுமா?" என்றார்.

இதுவரை என் உச்ச வேகம்
மார்ச் ஒன்பது, காலை ஐந்து முப்பத்தொன்று.
திரையில் ஒரு பதக்கம் சுழன்றது.
துரத்திய நாய்க்கு அதில் பாதி.

இப்போதெல்லாம் பாலத்தடியில் இறங்கி
மணலிலேயே ஓடுகிறேன்,
சீமைக் கருவேல முள்ளுக்கு ஒதுங்கி,
லாரித் தடங்களைத் தாண்டி.

வீட்டுக்கு வந்து வரைபடம் திறந்தால்
பாலாறு முழுக்க நீலம்.
நடுவே சிவப்புக் கோடாக
நான்
தண்ணீர்மேல் ஓடிப்போயிருக்கிறேன்.

"பிழையைத் தெரிவிக்க" என்று
கீழே ஒரு பொத்தான்.
இன்னும் தொடவில்லை.