இடுப்புச் சாவிகள்

எல்பியோவின் இடுப்பில் பதினொரு சாவிகள்.
நான்குக்குத்தான் இன்னும் கதவு உண்டு.
மற்றவை
திருட்டுப்போன சைக்கிளின் பூட்டுக்கு,
விற்றுவிட்ட அவன் அம்மாவின் வீட்டுக்கு,
எப்போதோ வேலை பார்த்த மருந்துக்கடையின் ஷட்டருக்கு.
பல் தேய்ந்த பித்தளை ஒன்று
எதற்கென்று அவனுக்கே தெரியாது.
பெல்ட்டில் கொக்கி போட்டுத் தொங்கவிடுவான்.
கால்சட்டை வலப்பக்கம் மட்டும் ஓர் அங்குலம் இறங்கும்.
இருபத்தாறு வருடமாக
அந்த ஓர் அங்குலத்தோடு குடித்தனம் நடத்துகிறேன்.

மொண்டெவிடியோவில் யாரும் யாரையும் உற்றுப் பார்ப்பதில்லை என்பார்கள்.
பொய்.
ஞாயிறு மாலை கடற்கரைச் சாலையில்
அக்குளில் வெந்நீர் பிளாஸ்க்கும் கையில் மாத்தே குடுவையுமாக
நடக்கிற அத்தனை பேரும் பார்க்கிறார்கள்.
அல்லது
அவர்கள் கண்ணைக் கடன் வாங்கி
நான் பார்க்கிறேன்.

தங்கை சுல்மா சொன்னாள்,
"நேராகச் சொல்லாதே நிபியா, ஜன்னல் வழியாகப் போ."
அப்படித்தான் ஒராசியோவை அவள் மாற்றினாள்.
முதலில் மூக்குக்கண்ணாடி, அப்புறம் மீசை,
அப்புறம் அந்தச் சிரிப்பு.
இப்போது நன்றாகத்தான் இருக்கிறான்,
பல் ஆஸ்பத்திரி விளம்பரத்தில் வருகிறவன் மாதிரி.
போன மாதம் பேருந்து நிறுத்தத்தில்
அடையாளம் தெரியாமல் அவனைக் கடந்துபோனேன்.

ஆனாலும் சந்தையில்
நீல லினன் கோட்டு ஒன்று வாங்கினேன்.
ஒன்றும் சொல்லாமல் அலமாரியில் தொங்கவிட்டேன்.
சுல்மாவின் மகளுக்குப் பதினைந்து நிறைந்த விருந்துக்கு
அவனே எடுத்துப் போட்டுக்கொண்டான்.
"எத்தனை பை பாரேன்!"
அவ்வளவு சந்தோஷம்.
பைகளைத் தடவிப் பார்த்துவிட்டு
சாவிக்கொத்தை வழக்கம்போல இடுப்பில் மாட்டினான்.
கோட்டின் ஓரம்
கோழிவால் மாதிரி தூக்கிக்கொண்டு நின்றது.
வால்ட்ஸ் ஆடும்போது
வயலின் ஒரு தாளம், சாவிகள் ஒரு தாளம்.
அந்தப் பெண் சிரித்துக்கொண்டே இருந்தாள்.
எந்தச் சிரிப்பு என்று தெரியவில்லை.

மறுநாள் நான்கு சாவிகளை மட்டும் பிரித்து
மெல்லிய வளையம் ஒன்றில் கோத்துக் கொடுத்தேன்.
"லேசாக இருக்கும்."
"சரி" என்றான்.
சண்டை போட்டிருக்கலாம்.
இருபத்தாறு வருடத்தில் அவன் சொன்ன எத்தனை 'சரி'
இந்த 'சரி'யாக இருந்திருக்கும்?

எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் ஓடிப் பல காலமாயிற்று.
முதல் மாடித் திருப்பத்தில் சாவிச் சத்தம் கேட்டால்
நான் அடுப்பைத் திருகுவேன்.
மாத்தேவுக்குத் தண்ணீர் கொதிக்கக் கூடாது,
சூடேறினால் போதும்.
அதற்கு ஆகிற நேரமும்
அவன் மூட்டு வலியோடு மூன்று மாடி ஏறுகிற நேரமும் ஒன்று.
இது எங்கள் இருவருக்கும்
தெரியாமலே இருந்த கணக்கு.

இப்போது பூனை மாதிரி வந்து முதுகுக்குப் பின்னால் நிற்கிறான்.
இரண்டு கோப்பை உடைந்தது.
தண்ணீர் ஒருநாள் பச்சை, ஒருநாள் கொதி.
ஒன்பதாம் நாள்
சமையலறை வாசலில் நின்றவன் கை
தானாக இடுப்பைத் தேடிப் போனது,
பிடுங்கிய பல்லின் இடத்தை
நாக்கு தேடிப் போவதுபோல.

அன்றிரவே மீதி ஏழையும்
கார்க் திருகிக்குப் பக்கத்திலிருந்து எடுத்து
பழைய கொக்கியில் கோத்து வைத்தேன்.
நான் சொல்லவில்லை. அவன் கேட்கவில்லை.
காலையில் கால்சட்டை ஓர் அங்குலம் இறங்கிப் படியிறங்கியது.

அழகாக இருக்கிறது என்று சொல்ல மாட்டேன்.
அசிங்கம்தான், இப்போதும்.
நீலக் கோட்டை ரொட்டி வாங்கப் போகும்போது போடுகிறான்,
பைகள் நிறைய ரசீதுகள்.

இன்னொன்றும் உண்டு.
கல்யாண வருடத்திலிருந்து
தலைக்குச் செம்பு நிறச் சாயம் பூசுகிறேன்.
துண்டெல்லாம் துருக்கறை.
அவன் காயப்போடும்போது
கறை உள்ளே போகும்படி மடித்துப் போடுவான்.
கொடியில் எங்கள் துண்டுகள்
எப்போதும் வெள்ளை வெளேரென்று ஆடும்.
அது அன்பா,
ஜன்னல் வழியாக வந்த ஒரு சொல்லா?
கேட்கலாம்.
கேட்டால், நானும்
"சரி" என்று சொல்ல வேண்டியிருக்கும்.