ஈறு நிறத் தாடி

மார்த்தாண்டத்தில் என் லேப் இரண்டாம் மாடி.
மேம்பாலத்து பஸ்களின் சக்கரம்
ஜன்னல் மட்டத்தில் ஓடும்.
பகலில் பல் செட்.
ராத்திரி ஒன்பதுக்குமேல் அசீரியா.

பெட்டியில் வந்தவர்கள் பாரசீகர்கள்.
நாற்பத்தெட்டு பேர்,
இரண்டு சென்டிமீட்டர் உயரம், துணித்தொப்பி.
தொப்பியைச் சீவியெறிவது லேசு.
அதற்குப் பதில் வைக்கக் கூம்பு வேண்டுமே,
மேலே போகப் போக ஒடுங்கி
நுனியில் வானத்தைக் குத்துகிற மாதிரி.
மூன்று நாள் யோசனை.
குலசேகரம் போகும் வழியில்
மிளகுக்கொடி ஏறிய முள்முருக்கில்
நின்றுகொண்டிருந்தன கவசங்கள்.
முள் நறுக்கும் என்னிடம் தோட்டக்காரர்
"என்னத்துக்குப் பிள்ளே?" என்றார்.
"தலைக்கு" என்றேன்.
அதற்குமேல் அவர் கேட்கவில்லை.

ஞாயிறு பள்ளியில், பிளானல் போர்டில்,
இந்தப் படை முழுக்கச் செத்துக் கிடந்தது.
ஒரே ராத்திரியில்
ஒரு லட்சத்து எண்பத்தையாயிரம் பேர்.
டீச்சர் ஒவ்வொருவராய்ப் படுக்க வைத்து ஒட்டினார்கள்.
நின்று நான் பார்த்ததே இல்லை.

தாடிக்கு என் கையில் இருந்தது
ஈறு நிறப் பவுடர் மட்டும்.
திரவம் ஒரு சொட்டு, பவுடர் ஒரு துளி.
இறுகுவதற்குள் கூரூசியால்
மேல்வரிசையில் ஏழு சுருள், கீழே ஆறு.
கறுப்பு அடிக்கும்வரை
வெற்றிலை வழிந்த வாயோடு நின்றது சேனை.
பவுடர் தீர்ந்தபோது ஆறு பேர் மிச்சம்.
அவர்கள் அண்ணகர்கள் ஆனார்கள்.
வரலாறு இதை அனுமதிக்கிறது.

அக்ரிலிக் இளகியிருக்கையில் கொசுவலையை அழுத்தினால்
பிரம்புக் கேடயம்.
வளைந்த வேல்களை வெந்நீரில் பிடித்து
ஐந்து எண்ணி
ஐஸ் தண்ணீரில் போட்டால் நிமிரும்.
கொளச்சல் மிக்கேல் அண்ணனின் மேல்செட்
வெந்துகொண்டிருந்த அதே பாத்திரம்தான்.
அவரிடம் சொல்லவில்லை.
மீன்முள்ளைக் கடிக்கும்போது
ஏதும் தோன்றியிருக்கலாம்.

ராஜாவுக்கு மட்டும் ஒரு வாரம்.
ரதச் சக்கரம் என் கல்யாணச் சட்டையின் பித்தான்கள்.
குடை, கண்மருந்து பாட்டிலின் மூடி.
அங்கியின் ஓரத்துக் குஞ்சம்
பழைய பிரஷ்ஷிலிருந்து
நாரு நாராய்ப் பிடுங்கி ஒட்டியது.

தக்கலை ஹமீமின் எகிப்தியர்கள்
எகிப்தியர்களாகவே பெட்டியில் வந்தவர்கள்.
வர்ணம் அடித்தால் போதும்.
"ஒனக்கது படையா, ஆஸ்பத்திரியா?" என்பான்.

டிசம்பர் இருபத்துமூன்று.
ரதத்தில் ராஜா இல்லை.
பக்கத்து அதிகாரிகள் இரண்டு பேரும் இல்லை.

டிவிக்கு மேலே ஷூ பெட்டிக் குடில்.
தெர்மாகோல் பனி, பெல்சி வாங்கிய மாதா,
ராஜாவைவிடப் பெரிய ஆடு.
மூன்று பேரும் வைக்கோலில்
பெவிகால் வைத்து நிறுத்தப்பட்டிருந்தார்கள்.

"இவனுவ ஆருண்ணு தெரியுமா?
ஊரையெல்லாம் கொளுத்தினவனுவ."

"தாடி வச்ச ராஜா, கிழக்கேருந்து வாறாவ.
எனக்கு அது போரும்."

"ஆட்டுக்குக் கீழ நிக்கானே."

"தூரத்துலல்லா வாறாவ.
சின்னதாத்தான் தெரியும்."

அப்புறம்தான் பார்த்தேன், வேல் இல்லை.
நகவெட்டியால் நறுக்கியிருக்கிறாள்.
பிள்ளை பார்க்க வருகிறவன்
கம்பியோடா வருவான் என்று கேட்டாள்.
அந்த வேலுக்கு நான் இரண்டு ராத்திரி...
ஒன்றும் சொல்லவில்லை.

ஜனவரி ஆறு முடிந்துதான் தந்தாள்.
ஞாயிற்றுக்கிழமை தக்கலையில்,
ஹமீம் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கி,
பச்சை ரெக்சினில் எகிப்தும் நாங்களும்.
பகடை எனக்கு ஒன்று, ஒன்று, இரண்டு.
நாலாவது சுற்றில் அண்ணகர்கள்கூட ஓடினார்கள்.
ராஜா மட்டும் நின்றார்,
வெறுங்கையைத் தூக்கியபடி.
குனிந்து பார்த்த ஹமீம்
"இவனுக்கக் கால்ல என்னடே?" என்றான்.

வைக்கோல். ஒரு துண்டு, பெவிகாலோடு.
சுரண்டப் போனவன் விட்டுவிட்டேன்.
அசீரியாவிலும் வைக்கோல் இருந்திருக்கும்.